270 பீரியடின் விலை

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் புரட்டினால் பெரும்பாலான தியரி பேப்பர்களின் அடியில் ஒரே எண் நிற்கும்: மொத்தம் 45 பீரியட். ஐந்து யூனிட், யூனிட்டுக்கு 9 பீரியட், பேப்பருக்கு 3 கிரெடிட். பி.இ. படிப்பவர் தன் துறைக்குள் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதைக் காட்டும் துறை எலெக்டிவ்கள் ஆறு. ஆறு பேப்பருக்கு 270 பீரியட். ஒரு பீரியட் 50 நிமிடம் என்றால் 13,500 நிமிடம். அதாவது 225 மணி. தினம் 8 மணி வேலை பார்க்கும் ஆபீஸ் கணக்கில் இது 28 நாள். தியரி 30, லேப் 30 என்று கலந்து வரும் எலெக்டிவ்களில் பேப்பருக்கு 60 பீரியட். ஆறுமே அப்படி அமைந்துவிட்டால் 360 பீரியட், 300 மணி, 37 நாள் சொச்சம்.

வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்து, சித்தப்பா வந்து சமாதானம் செய்து, மறுபடி முறிகிற ‘ஸ்பெஷலைசேஷன்’ விவகாரத்தின் வகுப்பறை அளவு இவ்வளவுதான். ஏறத்தாழ ஒரு மாதம்; மிஞ்சினால் ஒன்றரை மாதத்துக்கு உள்ளே.

நான்கு ஆண்டுப் படிப்பின் முழுப் பேரேட்டையும் பார்த்துவிடலாம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வைத்தது. அதன் பங்கீடு:

மனிதவியல், மேலாண்மை: 12
கணிதம், அடிப்படை அறிவியல்: 25
பொதுப் பொறியியல்: 24
துறையின் கட்டாயப் பாடங்கள்: 48
துறை எலெக்டிவ்: 18
திறந்த எலெக்டிவ்: 18
புராஜெக்ட், செமினார், இன்டர்ன்ஷிப்: 15
மொத்தம்: 160

கல்லூரிக்குக் கல்லூரி இரண்டொரு கிரெடிட் ஏறும், இறங்கும். மேலிருந்து நான்கு வரிகளில் மாணவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 109 கிரெடிட்டும் தட்டில் வைத்துத் தருவது, 68 சதவீதம். கீழே உள்ள மூன்று வரிகள்தான் அவருடையவை: 51 கிரெடிட், 32 சதவீதம்.

அந்த மூன்றில் அதிகம் வீணாவது நடு வரி. திறந்த எலெக்டிவ் 18 கிரெடிட் என்பது துறை எலெக்டிவுக்குச் சமமான எடை. ஆனால் எடுக்கும் முறையைப் பாருங்கள். எந்த சார் மார்க் அள்ளிப் போடுவார், எந்த பேப்பருக்கு சீனியரிடம் நோட்ஸ் இருக்கிறது, எது சனிக்கிழமை வராது என்பதே பெரும்பாலும் அளவுகோல். சி.ஜி.பி.ஏ. உயர வேண்டியவருக்கு அது நியாயமான கணக்குதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் துறை எலெக்டிவுக்காக வீட்டை இரண்டாக்கியவர், அதே 270 பீரியடைத் திறந்த எலெக்டிவில் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவது எனக்கு எப்போதுமே வியப்பு. ஒரு மெக்கானிக்கல் மாணவி அந்த ஆறு பேப்பரில் நான்கைப் புள்ளியியல், டேட்டாபேஸ், மெஷின் லேர்னிங் பக்கம் திருப்பினால் 12 கிரெடிட் அங்கே போய்ச் சேர்கிறது. துறை மாறாமல், கூடுதல் ரூபாய் கட்டாமல், கால் காசு நன்கொடை இல்லாமல்.

அடிப்படை எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதையும் மறக்கிறோம். அண்ணா பல்கலையின் 2021 விதிமுறையில் முதல் செமஸ்டரின் அணிகளும் நுண்கணிதமும், இயற்பியல், வேதியியல் எல்லாம் பொதுப்பாடம். பைத்தான் புரோகிராமிங்கும் அதில்தான் இருக்கிறது. கான்கிரீட் படிக்கப் போகிறவரும் முதலில் எழுதுவது பைத்தான் புரோகிராம்தான். அடுத்து, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் ஆகிய மூன்று பிரிவுகளின் கட்டாயப் பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று பெரிய தூண்கள் பொதுவானவை. வேறுபாடு இல்லாமல் இல்லை. ஆனால் சேர்க்கை நாளில் அதற்குக் கொடுக்கப்படும் விலைக்கு ஈடான வேறுபாடு இல்லை.

பெயரைவிட ஆளை எண்ணுவது பயன் தரும். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஆண்டுக்கு 60 இடம் உள்ள பிரிவில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 பேர். ஆசிரியர் 12 பேர் வேண்டும். 240 இடம் என்றால் 960 பேருக்கு 48 ஆசிரியர். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் விகிதம் 1:2:6. அந்த 48இல் பேராசிரியர் ஐந்து பேராவது தேவை. ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பு 2024-25 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. இடம் ஒரே கையெழுத்தில் கூடிவிடும், ஆசிரியர் அப்படிக் கூடமாட்டார். 2020இல் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸில் சேர்ந்தவர் 2024இல் பட்டம் வாங்கினார். உதவிப் பேராசிரியராக எம்.இ.யோ எம்.டெக்.கோ வேண்டும், அது 2026. ஆக அந்தப் பிரிவில் பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸிலும் ஐ.டி.யிலும் எலெக்ட்ரானிக்ஸிலும் படித்துவிட்டு வந்தவர்கள். அதில் குறை ஒன்றுமில்லை, நல்ல ஆசிரியருக்குப் பிரிவு ஒரு பொருட்டல்ல. ஆனால் பிரிவின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்தவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

எலெக்டிவ் பட்டியலிலும் இதே கதை. 2021 விதிமுறை எலெக்டிவ்களை ‘வெர்ட்டிகல்’ என்று அடுக்கியிருக்கிறது: டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டேக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று வரிசையாக. புத்தகத்தில் எல்லாம் இருக்கும். ஐந்தாம் செமஸ்டரில் துறைத்தலைவர் ஒட்டும் நோட்டீஸில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். நடத்த ஆள் வேண்டும், எடுக்க ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையும் வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஏ.சி. லேபையும் நீச்சல் குளத்தையும் காட்டுவார்கள். கடந்த ஆண்டு ஐந்தாம் செமஸ்டரில் எந்தெந்த எலெக்டிவ் உண்மையில் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். சுற்றிக் காட்ட வந்தவருக்குப் பாதி நேரம் பதில் தெரியாது.

இனி ரூபாய்க் கணக்கு.

சுயநிதிக் கல்லூரிகளுக்கு 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு, அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000. நான்கு ஆண்டுக்கு 2,20,000, மற்றது 3,48,000. இடைவெளி 1,28,000. இந்தத் தொகை எந்தப் பிரிவுக்கும் ஒன்றே. சிவிலுக்கு ஒரு விலை, ஏ.ஐ.க்கு ஒரு விலை என்று அரசாணையில் கிடையாது. அப்படி ஒரு விலை உண்டு என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ரசீது இல்லாத தொகையைப் பேரேட்டில் ஏற்ற முடியாது, ஆகவே அதை இங்கே விடுகிறேன். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் தனிக் கதை.

அரசு ஒதுக்கீட்டின் 2,20,000இல் கழிவுகளும் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் ஆண்டுக்குச் சுமார் 25,000 ரூபாய். நான்கு ஆண்டில் 1,00,000. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. 48 மாதத்துக்கு 48,000. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது, தொகை அதே. இரண்டையும் கழித்தால் 72,000 நிற்கும். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. அவர் பேரேட்டில் அந்த வரியே இல்லை. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் உண்மையில் அவருக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும், கடன் கழுத்தில் இல்லாததால். வழக்கத்தில் அவர்தான் எல்லாரையும்விடப் பயந்து தேர்கிறார்.

கழிவு எதுவும் இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 55,000, விடுதி, பஸ், புத்தகம் எல்லாமாக ஆண்டுக்கு 45,000 என்று நானாக வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு இலட்சம், நான்கு ஆண்டில் 4 இலட்சம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இது வசதியான எண்: 4 இலட்சம் வரை அடமானமும் கேட்பதில்லை, நம் பங்குத் தொகையும் கேட்பதில்லை.  7.5 இலட்சத்துக்கு மேல் சொத்துப் பத்திரம்.

வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், படிப்பு 4 ஆண்டு, அதற்குப் பின் சலுகைக்காலம் 1 ஆண்டு. முதல் இலட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி 50,000; அடுத்தடுத்த இலட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. தனி வட்டியாகக் கூட்டினால் 1,40,000. திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் நிலுவை 5,40,000. ஏழு ஆண்டில் கட்டினால் மாதத் தவணை 8,965, மொத்தம் 7,53,060. பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் தவணை 5,803தான், ஆனால் மொத்தம் 10,44,540. மாதம் 3,162 ரூபாய் இலகுவாக இருப்பதற்கு 2,91,480 ரூபாய் விலை. வங்கி மேனேஜர் நீளமான தவணையைக் காட்டும்போது இந்த இரண்டாவது எண்ணைக் காட்டுவதில்லை.

வரவுப் பக்கம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் கேம்பஸில் மொத்தமாக எடுக்கும்போது தரும் ‘பேக்கேஜ்’ ஆண்டுக்கு 3.36 முதல் 3.6 இலட்சம். இந்த எண் 2010களின் தொடக்கத்திலேயே 3 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஊர்ந்துதான் வந்திருக்கிறது. விலைவாசி ஊரவில்லை. 2012ஐ 100 என்று வைத்த நுகர்வோர் விலைக் குறியீடு 2024 கடைசியில் 195ஐத் தாண்டியது. இன்றைய 3.6 இலட்சத்தை 2012 விலையில் மதிப்பிட்டால் ஏறத்தாழ 1.85 இலட்சம். அண்ணன் 2012இல் வாங்கிய முதல் சம்பளத்தைச் சொல்லித் தம்பிக்குப் பிரிவு தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வீடுகள் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்க்கலாம்.

3.6 இலட்சம் என்றால் மாதம் 30,000. நிறுவனத்தின் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கைக்கு வருவது 25,000 பக்கம். அதில் தவணை 8,965. ஓ.எம்.ஆர். பக்கம் சாப்பாட்டோடு ஒரு பி.ஜி. விடுதி 9,000 என்று வைத்தால் மிச்சம் 7,035. இந்தச் சம்பளம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரருக்கும் இதுதான், அதே நிறுவனத்தில் சேரும் எலெக்ட்ரிக்கல்காரருக்கும் இதுதான், கெமிக்கல்காரருக்கும் இதுதான். மொத்த ஆளெடுப்பில் பிரிவுக்கென்று தனிச் சம்பளம் கிடையாது; 60 சதவீத மதிப்பெண் இருக்கிறதா, அரியர் நிலுவையில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதே நிறுவனங்கள் தனியாகக் கோடிங் தேர்வு வைத்துச் சிலரை 7 இலட்சத்துக்கும் 9 இலட்சத்துக்கும் எடுக்கின்றன. அந்தத் தேர்விலும் பிரிவின் பெயர் கேட்கப்படுவதில்லை.

ஆகவே நான் அரியரைத்தான் பெரிய செலவாக எழுதுவேன். தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாய், அது பொருட்டே இல்லை. பிடிக்காத பிரிவில் சேர்ந்து மூன்றாம் செமஸ்டரிலிருந்து இரண்டு மூன்று பேப்பர் நிலுவையோடு ஏழாம் செமஸ்டருக்கு வருபவர், நிறுவனம் வரும் நாளில் உள்ளே உட்காரத் தகுதியில்லாமல் கேண்டீனில் உட்கார்ந்திருப்பார். அதன் விலை மாதம் 25,000 வீதம் எத்தனை மாதம் தள்ளுகிறதோ அவ்வளவு.

தள்ளிப் போகும் காலம்தான் இந்தப் பேரேட்டிலேயே கனமான வரி. பட்டம் முடித்து, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கோ டி.என்.பி.எஸ்.சி.க்கோ வேறு எதற்கோ ஓர் ஆண்டு வீட்டிலிருந்து படிப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். கையில் வேலை உத்தரவு இருந்தும் அதை விட்டுவிட்டு உட்கார்ந்தால் இழப்பு ஆண்டுக்கு 3,00,000. அரசு ஒதுக்கீட்டில் நான்கு ஆண்டும் கட்டிய மொத்தக் கட்டணமே 2,20,000தான். பிரிவைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் பேசிய வீடு, இந்த ஓர் ஆண்டைப் பற்றி ஆறு நிமிடம்கூடப் பேசியிருக்காது. உத்தரவே இல்லாதவருக்கு இந்த 3,00,000ஐ இழப்பு என்று எழுதக் கூடாது, அது வராத பணம். அவருக்கு முதல் ஆண்டு சலுகைக்காலத்துக்குள் ஓடிவிடும். அதற்கான வட்டியை முன்பே 5,40,000க்குள் எழுதிவிட்டோம். இரண்டாம் ஆண்டில்தான் நெருக்கும். சம்பளம் இல்லாமலே தவணை தொடங்கும்: 8,965 வீதம் 12 மாதம், 1,07,580.

இதே இடத்தில் வைத்துப் பார்க்க ஒரு தொகை இருக்கிறது. பட்டதாரி அப்ரன்டிஸுக்கு 2019 விதி நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000; அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஆண்டுக்கு 1,08,000. மேலே சொன்ன தவணையைக் கட்டிவிட்டு 420 ரூபாய் மிஞ்சும். பஸ்ஸுக்குக்கூடக் காணாதுதான். ஆனால் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில் படித்துவிட்டு ‘கோர் கம்பெனி’ என்று காத்திருப்பவருக்கு, வெறும் காத்திருப்புக்கும் இதற்கும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் வித்தியாசம். அதோடு ஓர் ஆண்டு பணியிட அனுபவச் சான்று. தென்மண்டலத்துக்கான அப்ரன்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி அனல்மின், சுரங்க நிறுவனமும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் அந்த வழியாக ஆள் எடுக்கின்றன. பையன் இன்ஜினியரிங் முடித்து ஒன்பதாயிரத்துக்குப் போகிறான் என்று சொல்லக் கூசி, இரண்டு ஆண்டு வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் உண்டு. அந்தக் கூச்சத்தின் விலை 2,16,000.

தவறான பிரிவில் சேர்ந்துவிட்டோம் என்று மூன்றாம் ஆண்டில் தோன்றினால், திரும்ப என்ன செலவு? இங்கேதான் கணக்கு எதிர்பார்த்ததைவிட மலிவாக வருகிறது. 2021 விதிமுறையில் வேறொரு துறையின் வெர்ட்டிகலிலிருந்து கூடுதலாக 18 கிரெடிட் முடித்தால் பட்டத்தோடு ‘மைனர்’. சொந்தத் துறையிலேயே 18 கூடுதலாக எடுத்தால் ‘ஹானர்ஸ்’. ஐந்தாம் செமஸ்டரிலிருந்து எடுக்கலாம், 7.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ.யும் 18 முதல் 20 கிரெடிட்டுக்கு இதை அனுமதிக்கிறது; இணையவழிப் பாடங்களையும் ஏற்கிறது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் 12 வாரப் பாடம் ஒன்றுக்கு 3 கிரெடிட். பாடம் இலவசம், தேர்வுக்கு 1,000 ரூபாய். மதிப்பெண்ணில் 25 சதவீதம் வாராந்தர அசைன்மென்ட், 75 சதவீதம் நேரில் எழுதும் தேர்வு. கல்லூரி கிரெடிட்டை ஏற்றுக்கொண்டால், ஆறு பாடம், 18 கிரெடிட், 6,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டின் கூடுதல் தொகையான 1,28,000ஐ இதன் பக்கத்தில் எழுதினால் 21 மடங்கு.

இன்னும் ஆழமாகப் போக நினைப்பவருக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் இருக்கிறது. 2020இல் தொடங்கியது, ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரத் தகுதிப் பாடமும் தேர்வும் உண்டு. அடிப்படைக் கட்டத்தில் 32 கிரெடிட், இரண்டு டிப்ளமாவுக்கு 27 வீதம் 54, பி.எஸ்ஸி.க்கு மேலும் 28, பி.எஸ்.ஸுக்கு இன்னும் 28, மொத்தம் 142. எந்தப் படியிலும் சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022 ஏப்ரலில் அனுமதித்த பிறகு, சிவில் படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் உண்டு. முழு 142ஐயும் பி.இ.யின் 160இன் மேல் ஏற்றிக்கொள்வது பெரும்பாலோருக்கு ஆகாத காரியம் என்பது என் எண்ணம். இரண்டையும் அரைகுறையாக்கிக்கொள்வதைவிட 59 கிரெடிட்டில், ஒரு டிப்ளமாவோடு, நிற்பது மேல்.

காலக்கணக்கு ஒன்றும் இதில் சேர வேண்டும். 2022இல் கல்லூரியில் சேர்ந்தவர் முதல் செமஸ்டரில் இருந்தபோது, நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அவர் பட்டம் வாங்குவது 2026. சேரும் நாளில் எடுத்த முடிவு நான்கு ஆண்டுக்குப் பின்னால் உள்ள சந்தைக்கானது. ஐந்தாம் செமஸ்டரில் எடுக்கும் எலெக்டிவ் முடிவு இரண்டு ஆண்டுக்குப் பின்னால் உள்ள சந்தைக்கானது. பிந்தியது பாதி தூரம்தான் குறி பார்க்கிறது. பதினேழு வயதில் குறுகிய பெயருள்ள பிரிவில் சேர்ந்துவிடுபவர் இந்த இரண்டாவது வாய்ப்பை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறார். அகலமான பிரிவில் சேர்ந்து, துறை எலெக்டிவின் 18ஐயும் திறந்த எலெக்டிவின் 18ஐயும் கையில் வைத்திருப்பவரிடம் அது மிச்சம் இருக்கிறது. கேட் தேர்வும் இதே போக்கில்தான் வளைந்துகொடுத்திருக்கிறது: 2021 முதல் ஒருவர் இரண்டு பேப்பர் எழுதலாம், மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம்; 2024இல் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ.க்கு என்று தனி பேப்பர் வந்து மொத்தம் 30 ஆயிற்று. 65 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம்; ஸ்கோர் மூன்று ஆண்டு செல்லும். பெரும்பாலான பொறியியல் பேப்பர்களில் பொதுத்திறனுக்கு 15, கணிதத்துக்கு 13 போக, பாடத்துக்கு 72.

கேட் எழுதி எம்.டெக். போனால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதம்: 2,97,600. பத்து ஆண்டுக்கும் மேலாக அசையாத தொகை இது. பி.இ. கடனின் சலுகைக்காலம் இரண்டு ஆண்டு நீண்டால் தனி வட்டி 80,000 கூடும்; மிச்சம் 2,17,600. அதே இரண்டு ஆண்டு 25,000 வேலையில் இருந்திருந்தால் 6,00,000. பள்ளம் 3,82,400. எம்.டெக். கட்டணத்தையும், வேலையிலிருந்தால் நடுவில் கிடைத்திருக்கும் சம்பள உயர்வையும் சேர்க்காமலே இது. எம்.டெக். முடித்தபின் மாதம் 15,000 அதிகமாகக் கிடைத்தால் 26 மாதத்தில் பள்ளம் தூர்ந்துவிடும். 5,000தான் அதிகம் என்றால் 77 மாதம். ஆறு ஆண்டைத் தாண்டும். எனவே எம்.டெக்.கில் எந்த ஸ்பெஷலைசேஷன் என்பது பி.இ.யைப் போல லேசான கேள்வி அல்ல. இங்கே பிரிவு உண்மையிலேயே சம்பளத்தை மாற்றுகிறது: சிப் வடிவமைப்பு, பவர் எலெக்ட்ரானிக்ஸ், ஸ்ட்ரக்சுரல் போன்றவற்றில் எம்.டெக். இல்லாமல் நுழையவே முடியாத வேலைகள் இருக்கின்றன. நல்ல ஆய்வகம் இல்லாத இடத்தில் பெயருக்காக எம்.டெக். சேர்வது அந்த 3,82,400ஐ இனாமாகக் கொடுப்பது.

ஆராய்ச்சிக்குப் போனால் கணக்கின் முகமே மாறுகிறது. 2023 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000, முதல் இரண்டு ஆண்டு, பிறகு முதுநிலை உதவித்தொகை (எஸ்.ஆர்.எஃப்.) 42,000. ஐந்து ஆண்டில் 8,88,000ம் 15,12,000ம் சேர்ந்து சரியாக 24 இலட்சம். வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 2018இல் அறிவிக்கப்பட்டபடி 70,000, 75,000, 80,000 என்று ஏறி ஐந்து ஆண்டில் 45 இலட்சம். ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் வேறு. மாதச் சராசரியாக முதல் தொகை 40,000 வருகிறது, மேலே சொன்ன கேம்பஸ் சம்பளத்தைவிட அதிகம். ஐந்து ஆண்டில் முடியாத பி.எச்.டி.க்கு ஆறாம் ஆண்டில் பணம் வராது என்பதும் கணக்கின் பகுதியே. பி.எச்.டி. என்றாலே வறுமை என்று பேசும் வீடுகளுக்கு இந்த எண்கள் போய்ச் சேரவில்லை.

கடைசியாக, வட்டி மானியம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள கல்லூரியில் படித்தால், சலுகைக்காலம் முடியும் வரையுள்ள வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. நம் உதாரணத்தில் அந்த 1,40,000 முழுதும் நீங்கும். நிலுவை 5,40,000க்குப் பதில் 4,00,000, ஏழு ஆண்டுத் தவணை 8,965க்குப் பதில் 6,640. இந்த மானியம் ஒருவருக்கு ஒரு முறைதான்: இளநிலைக்கா முதுநிலைக்கா, ஏதாவது ஒன்று. படிப்பைப் பாதியில் விட்டாலும் போய்விடும். கேட் ஸ்கோரோடு எம்.டெக். போனால் கையில் 12,400 வரும், பி.இ. படிக்கும் காலத்தில் அப்படி எதுவும் வராது. எனவே பி.இ. கடனிலேயே இதைப் பயன்படுத்திவிடுவது நல்லது. வருமானச் சான்றை, கல்லூரியில் சேர்ந்த ஆண்டே வாங்கி வங்கியில் கொடுத்து, மானியக் கணக்கில் பெயர் ஏறியதா என்று கேட்டு வைத்துக்கொள்ளவும். நான்காம் ஆண்டில் போய்க் கேட்டால் முந்தைய ஆண்டுகளின் வட்டிக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.